சிகாமட்டுக்குப் போன தக்காளித் தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜொகூர் உலு திராமில் ஜெகபர் சாதிக் வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். வீட்டுக்காரர் ஜெகபர் சாதிக், அவர் மனைவி சம்சாத் பேகம், அவர்களுடைய ஒரே மகள் முபீனா. சிகாமட்டிலிருந்து வந்த அப்துல் பாசித், அவருக்கு மூத்தவரான ராத்தா மைமூன் பீவி, மகன் ஷாநவாஸ், மகள் ஷப்னம். பக்கத்து வீட்டு மனோகரன். இவ்வளவுதான். மனோகரனின் மனைவி செல்லம் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் ஏதாவது விழுந்திருக்கலாம், கண்ணால் எதையும் பார்க்கவில்லை. அன்று நடந்ததைப் பற்றி இப்போது வாய் திறக்கிறவர்கள், இந்த எட்டுப் பேரில் தாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

விஷயத்தைத் தக்காளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜெகபர் சாதிக் ஸ்கூடாயில் முப்பத்திரண்டு வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது வாரமே, சமையலறையில் எந்த டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் சம்சாத் பேகம் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, மூலை வீடு என்பதால் கூடுதலாகக் கிடைத்திருந்த நிலத்தைக் காட்டினார்.

"அங்க போய் ஏதாச்சும் நடுங்க. ஆனா உள்ள வந்து எதையும் நகத்தாதீங்க."

முபீனா சாஸ் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தக்காளி அவளுக்குப் பழகிய பொருள். அவள்தான் இணையத்தில் செர்ரி தக்காளி விதைகளை வரவழைத்துக் கொடுத்தாள். கோலிக்குண்டு அளவுப் பழம், ஒரு கொத்தில் பதினைந்து இருபது காய்க்கும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. முதல் தடவை நட்ட பன்னிரண்டு செடியும் பூ விட்ட வாரத்திலேயே மடிந்தன. நண்பகலில் இலை தொங்கியது, மாலையில் நிமிர்ந்தது, மூன்றாம் நாள் நிமிரவில்லை. ஜெகபர் சாதிக் செடிகளைப் பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டினார். அதைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தவர் மனோகரன்.

மனோகரன் இளமையில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவர். அந்தப் பையிலிருந்து ஒரு செடியை வாங்கித் தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினார். அறுத்த இடத்திலிருந்து வெள்ளையாக நூல் போல ஏதோ கீழே இறங்கியது.

"பாய், மண்ணுல நோவு இருக்கு. தக்காளி வேரு தாங்காது. சுண்டைக்கா வேரு தாங்கும். தலைய இதுல வெட்டி, அதுல ஒட்டிருவோம்."

"ஒட்டுமா?"

"ரப்பரையே ஒட்ட வெச்சவன் நான். இதெல்லாம் என்னா பெரிய விஷயம்லா."

சுண்டைக்காய் நாற்றின் தண்டைச் சாய்வாக அறுத்து, தக்காளி நுனியையும் அதே சாய்வில் அறுத்துப் பொருத்தி, குளிர்பானம் குடிக்கும் குழலில் ஒரு விரற்கடைத் துண்டு வெட்டி அதைப் பட்டை போல மாட்டினார்கள். எட்டு நாள் பிளாஸ்டிக் மூடிக்குள் நிழலில் வைத்திருந்தார்கள். பத்தில் ஏழு பிழைத்தன. அதன் பிறகு ஜெகபர் சாதிக் தானே ஒட்டக் கற்றுக்கொண்டார். மழையில் பழம் வெடிக்காமலிருக்க மேலே தெளிவான பிளாஸ்டிக் கூரை போட்டார், பறவைக்கு வலை கட்டினார், காலையில் பூங்கொத்துகளை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். அடுத்த வருடம் ஐந்து வகை காய்த்தது.

பொட்டலத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளில் தமிழில் எழுதி நட்டார்: பேரீச்சை, ஆரஞ்சு, கருப்பு, மஞ்சள், பச்சை. பேரீச்சை சிவப்பாக நீண்டு கொஞ்சம் தடித்த தோலோடு இருக்கும். ஆரஞ்சு தேன். கருப்பு என்பது கருஞ்சிவப்பு, கடித்தால் லேசாகப் புகை வாசம் வரும். மஞ்சள் நீர்த்துளி வடிவம்.

"மஞ்சள் வெறும் தண்ணி" என்று சம்சாத் பேகம் முதல் பழத்திலேயே தீர்ப்புச் சொன்னார். "பாக்க லட்சணம், வாயில வெச்சா ஒன்னுமில்ல. உங்க தம்பி மாதிரி."

முபீனா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். இனிப்பு, புளிப்பு, தோல், வாசம் என்று கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் மூன்று பேரும் ருசி பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வொரு வாரமும் முதலிடம் பச்சைக்குத்தான். அது பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் வகை. அடிப்பக்கம் மட்டும் லேசாக மஞ்சள் ஓடும், தோல் மெத்தென்று ஆகும், அதுதான் அடையாளம். திராட்சையும் முலாம்பழமும் கலந்தது போன்ற இனிப்பு. மனோகரனுக்குக் கொடுத்த அந்த வகைச் செடியை அவர் மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாய், இது எப்பதான் பழுக்கும்?"

"பழுத்து ரெண்டு வாரமாச்சு. கீழ கொட்டிக் கிடக்குதே, அது என்ன?"

மனோகரன் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பேச்சு நடந்தபோது இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் இதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

*

முபீனாவுக்கு வயது முப்பத்தொன்று. வந்த வரன்களை எல்லாம் அவள் மரியாதையாகத் தட்டிக் கழித்தாள். ஷாநவாஸ் சிகாமட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன். தாய் இல்லாத பிள்ளை, அவனையும் தங்கையையும் வளர்த்தவர் அத்தை முறையான மாமி மைமூன் பீவி. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் கடற்கரையோரம் ஒரே ஊர். அவர்கள் வந்து பெண் பார்த்துப் போன அன்று, முபீனா பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்குச் சரிம்மா" என்றாள். யாரையும் சரி என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சம்சாத் பேகம் அடுக்களையிலேயே நின்று துஆ செய்தார். ஜெகபர் சாதிக் தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு மறுபடியும் ஊற்றினார்.

பெண் வீட்டிலிருந்து பழத்தட்டு போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதை வாங்கிக்கொண்டு, தட்டில் இனிப்பு வைத்துத் திருப்பி அனுப்பினால் தேதி குறிக்கலாம். இது ஊர் வழக்கம். தட்டைப் பட்டுத் துணியால் மூடிக் கொடுப்பார்கள். கொண்டு வந்தவர்கள் வாசல் தாண்டும்வரை துணியை விலக்கக் கூடாது.

ஜெகபர் சாதிக் ஆப்பிளையும் ஆரஞ்சையும் கடையில் வாங்கி அடுக்கச் சம்மதிக்கவில்லை.

"காசு குடுத்து வாங்குற பழத்த யார் வேணா அனுப்பலாம். எங்க வீட்டுத் தட்டுல எங்க வீட்டுப் பழம் போகும்."

தன் உம்மாவின் பித்தளைத் தட்டைப் புளி போட்டு விளக்கினார். அன்று காலையில் பறித்த தக்காளிகளை வட்ட வட்டமாக அடுக்கினார். வெளியே பேரீச்சை, அதற்குள்ளே ஆரஞ்சு, பிறகு கருப்பு, ஒரு வரி மஞ்சள். இருப்பதிலேயே நல்லதை நடுவில் வைப்பதுதான் முறை. நடுவில் பச்சையைக் குவித்தார். சனிக்கிழமை காலை அவரும் சம்சாத் பேகமும் காரில் சிகாமட் போய்த் தட்டைக் கொடுத்து, பசியாறிவிட்டுத் திரும்பினார்கள்.

புதன்கிழமை தட்டு வந்தது. கூரியரில். அட்டைப் பெட்டிக்குள் குமிழித் தாள் சுற்றி, வெறுந்தட்டாக.

யார் வீட்டுத் தட்டையும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு கைப்பிடி சீனியாவது வைப்பார்கள். ஜெகபர் சாதிக் தட்டை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு போன் போட்டு என்னன்னு கேளுங்களேன்" என்றார் சம்சாத் பேகம்.

"பொண்ணு வீட்டுக்காரன் 'ஏன் வேணாம்'னு கேட்டுக்கிட்டு நிக்கிறதா? என் வாப்பா கேட்டதில்ல. நானும் கேக்க மாட்டேன்."

முபீனா வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். வழக்கம்போலப் பேசினாள். வெள்ளிக்கிழமை ருசி பார்க்கும் நாள். அவள் தலைவலி என்று அறைக்குப் போய்விட்டாள். ஜெகபர் சாதிக் அந்த நோட்டை எடுத்துத் திறந்தார். தேதி போட்டுக் கட்டம் கிழித்திருந்தது. கட்டங்களில் ஒன்றும் இல்லை. பறிக்காத பழங்கள் கூரைக்கு அடியில் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. மனிதர் கடையில் எத்தனையோ சங்கடத்தைப் பார்த்தவர், ஆனால் அந்த வெற்றுக் கட்டங்களை அவரால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை சம்சாத் பேகம் மகளிடமிருந்து விஷயத்தைக் கறந்துகொண்டு வந்தார்.

"அந்தப் புள்ள மெசேஜ் போட்டிருக்கான். 'உங்க வாப்பாக்குப் புடிக்கலன்னா பரவால்ல, நான் வருத்தப்படல'ன்னு."

"நான் எப்பப் புடிக்கலன்னேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எப்பச் சொன்னீங்க?"

அவர் தோட்டத்துக்குப் போனார். சுவருக்கு மேலே மனோகரனின் தலை தெரிந்தது. வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் பழக்கம் ஜெகபர் சாதிக்கிடம் இல்லை. ஆனால் சம்சாத் பேகம் செல்லத்திடம் பேசுவார், செல்லம் மனோகரனிடம் பேசுவார். அது அவர் கையில் இல்லை.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தட்டுல என்னென்ன வெச்சீங்க?"

"அஞ்சும்தான் வெச்சேன்."

"பச்சையுமா?"

"நடுவுல."

"அலமாக்!" என்றார் மனோகரன். "பாய், நானே மூனு வாரம் அது செவக்கும்னு காத்துக்கிட்டுக் கெடந்தேன். அவங்களுக்கு யாரு சொன்னா?"

ஜெகபர் சாதிக் கையில் கொடி கட்டும் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஏனென்றால் பழத்தட்டில் காய் வைத்து அனுப்புவதற்கு அவர்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். இந்தச் சம்பந்தம் வேண்டாம். வாயால் இல்லை என்று சொல்லி யாரையும் நோகடிக்காமல், தட்டே சொல்லிவிடும். அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஜொகூரில் யாரும் இல்லை. அவருடைய தங்கைக்கு மூவாரிலிருந்து வந்த வரன் சரிப்படாதபோது, அவருடைய வாப்பா ஒரு தட்டு நிறைய மாங்காய் அடுக்கிக் கொடுத்தார். அதை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் கொடுத்தது இருபத்து நான்கு வயது ஜெகபர் சாதிக். அந்தக் கதை ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மைமூன் பீவிக்குத் தெரியாமல் இருக்குமா? மாங்காய்த் தட்டு சுமந்த அதே ஆள், நேரில் வந்து, பசியாறிவிட்டு, நடுவில் காயைக் குவித்த தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவருக்கு அந்தப் பச்சை காயாகத் தெரிந்ததே இல்லை. பழம் என்று தெரிந்த பிறகு நிறம் கண்ணில் படாமலே போய்விட்டது.

ஆனாலும் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அவர்கள் முபீனாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்து வருந்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

விஷயத்தைக் கேட்டதும் முபீனா அறையிலிருந்து ஓடி வந்தாள், கையில் போன்.

"வாப்பா, நான் இப்பவே அவருக்கு ரெண்டு வரி போட்டுடறேன். முடிஞ்சுது."

"வை அத. தட்டுல போன பேச்சு போன்ல திரும்பக் கூடாது. 'ஐயோ, தப்பா வெச்சுட்டோம்'னு கெஞ்சி உன்னைக் கட்டிக் குடுக்கணுமா?"

"அப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு நாக்கு இருக்குல்ல."

அவர் அப்துல் பாசித்தை அழைத்தார். ஒரு நிமிடம்கூட பேசியிருக்க மாட்டார். "அடுத்த ஞாயிறு தக்காளி பறிக்கிறோம் பாய். குடும்பத்தோட வந்து ருசி பாருங்க." "ராத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அப்துல் பாசித் வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். அவர் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது.

"ராத்தா வர்றேன்னுட்டாங்க."

*

ஞாயிறு காலை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மேசை போட்டார்கள். ஐந்து வெள்ளைத் தட்டு, தண்ணீர்க் குவளைகள், நடுநடுவே நாக்கைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பிஸ்கட். மதிப்பெண் அட்டைகளை முபீனா அச்சடித்து வைத்திருந்தாள்.

"எங்க லேப்ல நெறம் தெரியக் கூடாதுன்னா செவப்பு லைட் போட்டுத்தான் ருசி பாக்கக் குடுப்போம். நான் வேணா ஒரு..."

"விருந்தாளிங்களுக்கு இருட்டுல சோறு போட்டு நான் கடை நடத்தல" என்றார் ஜெகபர் சாதிக். "வெளிச்சத்துல பாக்கட்டும். யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது. மனோகரன், உங்களுக்கும் சேத்துத்தான்."

"நான் வாயே தொறக்கல பாய்."

பச்சைத் தக்காளி வைத்த தட்டை அவர் நடுவிலேயே வைத்தார். போன தடவை எங்கே வைத்தாரோ அங்கேயே.

வெள்ளைக் கார் வந்து நின்றது. ஸலாம் சொல்லி, ஸலாம் வாங்கி, எல்லாரும் உட்கார்ந்தார்கள். எழுபத்து நான்கு வயது மைமூன் பீவி நாற்காலியின் முனையில் உட்கார்ந்தார், புறப்படத் தயாராக இருப்பவர் மாதிரி. சம்சாத் பேகம் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கி, வாயில் வைக்காமல் மேசையில் வைத்தார். சம்சாத் பேகம் கணவரைப் பார்த்தார். சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டில் தேத்தண்ணி தொடாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ருசி பார்க்க ஆரம்பித்தார்கள். பேரீச்சைக்கு அப்துல் பாசித் ஏழு போட்டார். "தோல் கொஞ்சம் பல்லுல மாட்டுது. மத்தபடி நல்லாருக்கு." ஆரஞ்சை வாயில் போட்ட ஷப்னம் கண்ணை விரித்து, "இது மிட்டாய்லா!" என்று ஒன்பது போட்டாள். மஞ்சளுக்கு அவள் மூன்று போட்டதும் சம்சாத் பேகத்துக்கு முகம் மலர்ந்தது.

"நான் சொன்னேன்ல? வெறும் தண்ணி."

கருப்பைக் கடித்த ஷாநவாஸ் கொஞ்சம் யோசித்தான். "லேசா ஒரு புகை வாசம் வருதே. அடுப்புல சுட்ட மாதிரி."

அதுவரை தலை குனிந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்த முபீனா நிமிர்ந்தாள். "மொத தடவையிலயே அதக் கண்டுபிடிச்ச ஆளு நீங்கதான்" என்றாள். சொன்ன உடனே மறுபடியும் குனிந்துகொண்டாள்.

பிறகு பச்சை.

ஒரு கையும் நீளவில்லை. மேலே கூரைப் பிளாஸ்டிக் வெயிலில் படபடத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம் துணி உதறும் சத்தம் நின்றுபோனது. மனோகரன் தொண்டையைச் செருமினார். ஜெகபர் சாதிக் அவரைப் பார்த்தார். மனோகரன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

மைமூன் பீவிதான் பேசினார்.

"அன்னைக்கும் இதத்தான் நடுவுல வெச்சிருந்தீங்க தம்பி."

"ஆமா ராத்தா."

"இன்னைக்கும் நடுவுலதான் வெச்சிருக்கீங்க."

"நல்லதுதானே நடுவுல இருக்கணும்."

ஜெகபர் சாதிக் நேராக உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியைத் தொடவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவருடைய வலது கை முழங்காலை இறுகப் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை போதும். 'ராத்தா, அது பழம்' என்று சொன்னால் முடிந்தது. மகளின் குனிந்த தலையைப் பார்த்தார். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இன்னும் இரண்டு நொடி போயிருந்தால் சொல்லியிருப்பார். அது உண்மை, அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் மைமூன் பீவி கையை நீட்டி ஒன்றை எடுத்துவிட்டார். காய்கறிக் கடையில் சொத்தையை எடுத்துக் கடைக்காரனுக்குக் காட்டுவது போல, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிப் பிடித்து, இது காயா பழமா என்று தீர்த்துக்கொள்வதற்காகக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. சாறு அவர் சட்டைக் கையில் தெறித்தது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மஞ்சள் ஓடியிருந்தது. முகர்ந்தார். வாயில் போட்டார்.

ஜெகபர் சாதிக் அவரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த செடியில் ஒட்டுப்போட்ட முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைமூன் பீவி மென்று விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் தின்றார். மூன்றாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஷப்னம், அந்த அச்சாரு கதையச் சொல்லு" என்றார்.

ஷப்னம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமி கோவத்துல தட்ட கூரியருக்குக் குடுத்துட்டு வந்தாங்க. காயாச்சே, வீணாக்க வேணாம்னு அந்தப் பச்சையையெல்லாம் ஊற வெச்சு அச்சாரு போட்டாங்க. சாயங்காலம் தொறந்து பாத்தா ஒரே கொழகொழன்னு. ஜாம் மாதிரி இனிப்பு வேற. அண்ணன் ரொட்டியில தடவிச் சாப்புட்டான்."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் ஷாநவாஸ்.

"அம்பது வருஷமா அச்சாரு போடுறேன்" என்றார் மைமூன் பீவி. "காய் ஒரு பொழுதுல கொழையுமா? என்னமோ தப்பு நடந்துருக்குன்னு அப்பவே தெரிஞ்சுது. தட்டு போயிருச்சு. வெறுந்தட்ட அனுப்பிட்டு நானே எப்படிப் போன் போடுறது? நீங்க கூப்பிட்டீங்கன்னு என் தம்பி சொன்னப்பதான் மூச்சு வந்துச்சு." பிறகு குரலை உயர்த்தினார். "ஏன் தம்பி, இது பழுத்த பழம்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருப்பீங்க?"

"பழத்தட்டுல பழம்தான் இருக்கும் ராத்தா. அத வேற சொல்லணுமா?"

"மாங்காத் தட்டு தூக்கிக்கிட்டுப் போன ஆளு பேசுற பேச்சா இது?"

அப்துல் பாசித் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் மனோகரன் வாயிலிருந்த பிஸ்கட்டோடு சேர்ந்து சிரித்துப் புரையேறி, சம்சாத் பேகம் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. மைமூன் பீவியும் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஜெகபர் சாதிக் எழுந்தார். செடியருகே போய், நன்றாக மஞ்சள் ஓடிய ஒரு கொத்துப் பச்சையைக் காம்போடு கிள்ளி எடுத்து வந்தார். தேதி குறிக்கும் முன்னால் ஒரு பையனை அவர்கள் யாரும் முறை வைத்துக் கூப்பிடுவதில்லை. அவர் அந்தக் கொத்தை ஷாநவாஸ் கையில் கொடுத்து, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"சாப்புடுங்க, மாப்பிள்ள."

ஷாநவாஸ் ஒரு பழத்தைத் தின்று, அட்டையில் பத்துக்குப் பத்து போட்டான். முபீனா எட்டிப் பார்த்தாள்.

"பத்தெல்லாம் போட முடியாது. தோலுக்கு அரை மார்க் கொறைக்கணும்."

"தோலே தெரியலையே."

"ரெண்டாவது பழத்துல தெரியும். அவசரப்பட்டுப் போடாதீங்க."

"சரி, ஒம்பதர."

"ஷப்னம்" என்றார் மைமூன் பீவி, "வண்டியில பின்னால ஒரு பை இருக்கு. எடுத்துட்டு வா."

பையில் ஒரு பொட்டலம் சீனி, பேரீச்சம்பழம், சம்சாத் பேகத்துக்கு ஒரு சேலை, முபீனாவுக்கு ஒரு சின்ன நகைப்பெட்டி. எல்லாம் தயாராகக் கொண்டுவந்து காரிலேயே விட்டிருந்திருக்கிறார். நிலைமையைப் பார்த்து எடுக்கலாம், இல்லாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டு போகலாம் என்று. சம்சாத் பேகம் உள்ளே ஓடிப் போய் அந்தப் பித்தளைத் தட்டைக் கொண்டு வந்தார். மைமூன் பீவி தன் கையாலேயே அதை நிரப்பிக் கொடுத்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வரும் இரண்டாவது சனிக்கிழமை என்று தேதி வைத்தார்கள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற போட்டுத் தர்றேன்" என்று சம்சாத் பேகம் குவளையை எடுக்கப் போனார்.

"ஆறினா என்னா, குடு இப்படி" என்று மைமூன் பீவி வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முதன்முறையாக நாற்காலியில் நன்றாக உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லத்தின் குரல் வந்தது. "ஏங்க! என்னாச்சுங்க?"

"தேதி வெச்சாச்சு!" என்று மனோகரன் கத்தினார்.

ஜெகபர் சாதிக் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விருந்தாளிகள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. அன்று சாய்ந்தார். கண்ணை மூடி ஒரு நீளமான மூச்சு விட்டார். பிறகு மேசையில் மிச்சமிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, மஞ்சள் தக்காளியையே எடுத்து வாயில் போட்டார். சம்சாத் பேகம் அதைப் பார்த்துவிட்டார்.

"எப்படி இருக்கு?"

"இன்னைக்கு நல்லாருக்கு" என்றார்.

ஜெகபர் சாதிக் பெண்ணைப் பெற்றவராயிற்றே, அன்று இறங்கி வந்து மைமூன் பீவியிடம் மன்னிப்புக் கேட்டார் என்று சிகாமட்டிலும் ஸ்கூடாய் கடைப் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் கேட்கவில்லை. தக்காளி கொடுத்தார்.